போறணையில் பஞ்சாய் வேகும் விலா எலும்பு

பேசாலையில் நத்தாருக்குப் பன்றி விலா வாங்கினாலும் எருக்கலம்பிட்டியில் பெருநாளுக்கு ஆட்டு விலா வாங்கினாலும் பக்குவம் ஒன்றுதான்: குறைந்த சூடு, நிறைய நேரம்.

எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைக் கத்தி நுனியால் கிளப்பி, துணியால் பிடித்து உரித்துவிடுங்கள். அது இருந்தால் மசாலா உள்ளே இறங்காது. உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், அரைத்த இஞ்சி உள்ளி தடவி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

மறுநாள் விலாவைத் தட்டில் வைத்து, அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, அலுமினியத் தாளால் ஆவி போகாதபடி இறுக மூடி, 150 பாகை செல்சியசில் இரண்டரை மணி நேரம் விடுங்கள். ஆட்டு விலா மெலிதென்றால் இரண்டு மணி நேரத்திலேயே பாருங்கள். இறைச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் மெல்ல மெல்லத்தான் கரையும்; சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் சாறு வற்றி நாராகிவிடும். எலும்பின் நுனியில் இறைச்சி சற்று மேலேறி, கத்தி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது.

பூச்சுக்குக் கடைப் போத்தல் வேண்டாம். நம்மூர்ப் பனங்கட்டியைப் பழப்புளிக் கரைசலில் உருக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்துத் தடிப்பாகக் காய்ச்சுங்கள். பனங்கட்டியின் புகைவாசம் விறகடுப்பு இல்லாத குறையைப் பாதி தீர்க்கும். இனிப்பு சீக்கிரம் கருகும் என்பதால் தாளை அகற்றிய பிறகே பூசி, 220 பாகையில் பத்து முதல் பதினைந்து நிமிடம் வையுங்கள். சிறிய மேசைப் போறணையில் மேல்கம்பி கிட்ட இருக்கும். தட்டைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, பக்கத்திலேயே நில்லுங்கள்.

வெட்டுமுன் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். தட்டில் தேங்கிய சாற்றில் மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, தேசிக்காய் பிழிந்து பாணுடன் தொட்டுச் சாப்பிடலாம்.