ஊரைக் குறை, இரவைக் குறைக்காதே

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய பூட்டான் திட்டத்தைப் படித்தேன். நான்கு இரவுக்குள் திம்பு, புனாகா, போப்ஜிகா, பும்தாங், பாரோ என்று ஐந்து ஊர் வைத்திருக்கிறாய். ஏன் இப்படி ஆயிற்று என்று புரிகிறது. அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். அதனால் இரவைக் குறைத்து ஊரைக் கூட்டினால் லாபம் என்று பார்த்திருக்கிறாய். அந்தக் கணக்கைத் திருப்பிப் போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று வாங்கும் அந்தத் தொகை, இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பாதி. பாதிக் கட்டணம் கட்டும் கவினையும் சேர்த்து உங்கள் ஐவருக்கு இரவுக்கு 5,400 ரூபாய் ஆகிறது. நான்கு இரவென்றால் 21,600, ஆறு இரவென்றால் 32,400. கூடுதல் 10,800. அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் இரண்டு நாளுக்குக் கூடத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கோவையிலிருந்து பூட்டான் எல்லைக்குப் போய்வர ஐந்து பேருக்கு ஆகும் செலவு இருக்கிறதே, அது நான்கு இரவானாலும் ஆறு இரவானாலும் மாறாது. அவ்வளவு தூரம் போகக் கொடுத்துவிட்டு, போன இடத்தில் இருக்கக் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கனடாவிலிருந்து உன் மைத்துனரும் வரலாம் என்று எழுதியிருந்தாய். கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கட்டணம். அவருக்கு இரவுக்கு 100 அமெரிக்க டாலர், விசாவும் தனியே எடுக்க வேண்டும். இதை இப்போதே அவரிடம் சொல்லிவிடு.

இந்தப் பணத்தைக் கொடுக்க மனம் கசக்க வேண்டாம், கண்ணு. 1974-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவு திறந்த நாளிலிருந்தே, வருபவர் குறைவாக இருக்கட்டும், வருபவர் நிறையக் கொடுக்கட்டும் என்பதுதான் அவர்கள் வைத்த வழி. அங்கே பள்ளியும் மருத்துவமும் மக்களுக்கு இலவசம். நாட்டின் நிலப்பரப்பில் அறுபது விழுக்காடு எந்நாளும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் மலை ஊர்கள் கோடை விடுமுறையில் படும் பாட்டைப் பார்க்கிறவர்களுக்கு அந்த 1,200 ரூபாயின் மதிப்பு தெரியும்.

ஊர்களுக்கு வருகிறேன். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊராகத்தான் தெரியும். எல்லை ஊரான ஃபுன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவும் ஏற்றமுமாக ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். திம்புவிலிருந்து பும்தாங் போக ஒரு பகல் முழுக்க வேண்டும், திரும்பி வர இன்னொரு பகல். உன் அம்மாவுக்கு மலைப்பாதையில் தலைசுற்றும். பும்தாங்கையும் போப்ஜிகாவையும் எடுத்துவிடு. போப்ஜிகாவுக்குக் கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்தில்தான் வரும், நீங்கள் போவது மே மாதம். திம்புவில் இரண்டு, புனாகாவில் இரண்டு, பாரோவில் இரண்டு இரவு. போதும்.

நானும் உன் பெரியம்மாவும் போனபோது, புனாகா போகும் வழியில் 3,100 மீட்டர் உயரத்தில் டோச்சுலா கணவாயில் வண்டி நின்றது. 108 ஸ்தூபிகள் இருக்கின்றன, எதிரே முழுக்க மேகம். கைடு தம்பி எங்களைத் தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு அமைதியாகக் காத்திருந்தார். நெடுநேரம் கழித்து மேகம் விலகி வரிசையாகப் பனிமலைகள் தெரிந்தன. இதுவரை யாரும் உச்சி ஏறாத கங்கார் பூன்சும் எது என்று அவர்தான் காட்டினார். அன்று இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்திருந்தால் அந்த மேகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்போம்.

டிரைவரே போதும், கைடு எதற்கு என்று கேட்டிருந்தாய். அந்தச் செலவில் கை வைக்காதே. கைடுக்கும் வண்டிக்கும் கொடுப்பது குழுவுக்கு மொத்தமாக. இரண்டு பேர் போனாலும் ஐந்து பேர் போனாலும் ஏறக்குறைய அதே தொகை. ஐவருக்குப் பிரித்தால் சுமை தெரியாது. ஏஜென்சி தந்திருக்கும் ஒற்றைத் தொகையை அப்படியே ஒத்துக்கொள்ளாதே. அரசுக் கட்டணம், கைடு, வண்டி, அறை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு என்று பிரித்து எழுதித் தரச் சொல். "எல்லாம் அடக்கம்" என்பார்கள். நுழைவுச்சீட்டு அதில் இருக்காது, சில சமயம் அரசுக் கட்டணமே இருக்காது. பிரித்துத் தர மறுத்தால் வேறு ஆளைப் பார். கைடுக்கும் டிரைவருக்கும் கடைசியில் கொடுக்க வேண்டியதை முதலிலேயே தனி உறையில் போட்டு வைத்துவிடு.

மே முதல் பாதிக்குள் திரும்பிவிடுங்கள். ஜூனில் மழை பிடித்தால் மண் சரிந்து சாலை அடைபடும். அக்டோபரில் வானம் தெளிவுதான், ஆனால் வங்காளத்தில் பூஜை விடுமுறை, டிக்கெட் கிடைக்காது.

போகும்போது பாக்டோக்ரா வரை விமானம், பிறகு காரில் ஜெய்காவ். அன்றிரவு நம் பக்கமே தங்கிவிட்டு, காலையில் எல்லை தாண்டுங்கள். அந்த இரவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. சாலை வழியாக ஏறினால் உடம்பும் உயரத்துக்குப் பழகும். பாரோவில் டக்ட்சாங் மடத்தைக் கடைசி நாளுக்கு வை. அதன் உயரம் 3,120 மீட்டர். பாதி வழி வரை குதிரை கிடைக்கும், அதற்கு மேல் படிகள். இறங்கும்போது குதிரையும் இல்லை. அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் சரி என்றால் பாதி வழியில் இருக்கும் சிற்றுண்டிக் கடை வரை போகட்டும், அங்கிருந்தே மடம் நன்றாகத் தெரியும். திரும்பும்போது பாரோவிலிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கலாம். அந்த விமான நிலையத்தில் பகலில், கண்ணுக்குப் பாதை தெரிந்தால்தான் விமானம் எழும். ஆகவே கொல்கத்தாவிலிருந்து கோவைக்கு அதே நாளில் டிக்கெட் போடாதே.

பணம் பெரிய சிக்கலில்லை. அவர்களின் ஒரு ஙுல்ட்ரம் நம் ஒரு ரூபாய்க்குச் சமம், நம் நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள். நூறு ரூபாய்க் கட்டு ஒன்று வைத்துக்கொள். மீதமாகும் ஙுல்ட்ரத்தை அங்கேயே செலவழித்துவிடு.

ஆதாரை மட்டும் நம்பிப் போகாதே, அங்கே செல்லாது. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், இல்லையென்றால் வாக்காளர் அட்டை. கவினுக்குப் பாஸ்போர்ட் இல்லாததால் பிறப்புச் சான்றிதழின் அசலை எடுத்துக்கொள். உன் அப்பாவின் வாக்காளர் அட்டையில் இனிஷியல் எப்படி இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடு. அனுமதி விண்ணப்பத்தில் அதே மாதிரிதான் பெயர் இருக்க வேண்டும். ஏஜென்சியின் புதிய கணக்கு வந்ததும், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா