நாட்பட்ட அஜீரணம்

நெஞ்செரிவும் புளியேப்பமும் மாதக்கணக்கில் நீடித்தால், நம்மவர் மிளகாயைக் குறை சொல்லிச் சோடாவைக் குடித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். ஏப்பம் வந்தால் சுகம்போலத் தோன்றும், அவ்வளவே. காரம் சிலருக்கு ஆகாதுதான். எனினும் நாம் முதலில் கவனிக்க வேண்டியது உண்ணும் நேரத்தை.

கடை அடைத்து, இரவு 11 மணிக்கு நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் வயிறு நிறைய உண்டு, தே தாரிக்கும் அருந்தி, உடனே படுக்கிறோம். கொழுப்புள்ள ஆகாரம் இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும். படுத்த நிலையில் அமில நீர் தொண்டையை நோக்கி ஏறும். ஆகவே உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையில் 3 மணி நேரமாவது இருக்கட்டும். கடைத் தொழிலாளிக்கு இது எளிதன்று என்பதை அறிவோம். அவர் கனத்த ஆகாரத்தைப் பகலில் முடித்துக்கொண்டு, இரவில் இடியப்பமோ கஞ்சியோ அரை வயிற்றுக்கு உண்ணலாம். நோன்பு மாதத்தில் சஹர் உண்டதும் மறுபடி படுப்பதும் இதே கேட்டைத் தரும்.

மூட்டு வலி மாத்திரைகளை ஓயாது விழுங்குவோருக்கு இரைப்பையில் புண் வரலாம். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டிய கிருமியும் புண்ணுக்குக் காரணம். அதை மருந்தால் ஒழிக்கலாம். விழுங்கச் சிரமம், காரணமின்றி உடல் மெலிதல், தார்போல் கறுத்த மலம் இவற்றுள் ஒன்று கண்டாலும், பத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் செல்க.