வசந்தத்தில் பசி

பிரிட்டிஷ் ஆட்சியில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேறிகளுக்குப் பருவமே உணவை வகுத்தது. பனி தொடங்கும்போது பன்றியை அறுத்து, உப்பிட்டுப் பீப்பாயில் அடைப்பர். உப்பு நீரை இழுத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகா. ஆப்பிள் துண்டுகளை நூலில் கோத்து உலர்த்துவர். கிழங்குகள் நிலவறைக்குப் போகும்.

பனிக்காலமே பசிக்காலம் என்று நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் கடினமானது வசந்தம்! மரங்கள் பூத்திருக்கும், பீப்பாய் காலியாகியிருக்கும், புது விளைச்சலுக்கோ மாதங்கள் ஆகும். முதலில் தளிர்க்கும் காட்டுக்கீரைகளே வைட்டமின் சி தந்து ஸ்கர்வி நோயைத் தணித்தன.

இதை என் பாட்டியிடம் சொன்னேன். "நம்ம ஆடி மாசம் மாதிரின்னு சொல்லு" என்றார். அவர் சிறுமியாயிருந்தபோது ஆடியில் குதிர் காலியாகி, விதைநெல் மட்டுமே மிஞ்சுமாம். பசித்தாலும் அதைத் தொடமாட்டார்களாம்.