விருந்தோம்பலும் உலக அமைதியும்

நாட்டுக்கு நாடு பகை மூளுதற்குக் காரணங்கள் பல. நிலவேட்கையும் பொருள்வேட்கையும் ஆட்சிவேட்கையும் அவற்றுள் யாவர்க்கும் புலப்படுவன. புலப்படாது நின்று அவை மூன்றற்கும் துணைசெய்வது ஒன்று உண்டு. ஒரு நாட்டார் பிறநாட்டாரை நேரே கண்டறியாது, கேள்வியளவில் ஒரு வடிவு சமைத்துக்கொண்டு, அவ்வடிவே அவரென்று துணிதலாகிய திரிபுணர்ச்சியே அது. கேள்வியால் வந்த திரிபை மற்றொரு கேள்வி நீக்குதல் அரிது. காட்சியே அதனை நீக்கவல்லது. அக்காட்சிதானும் கடைத்தெருவிலும் விடுதியிலும் வாய்ப்பதன்று. ஒருவன் உண்ணுமாறும் உறங்குமாறும், தன் மக்களோடு பேசுமாறும் அவன் இல்லத்தினுள்ளே புகுந்தார்க்கே விளங்கும்.

ஆகலின், அயல்நாட்டு வழிப்போக்கரை இல்லத்தில் ஏற்று ஓம்புதல் உலக அமைதிக்கு ஏதுவாகுமா, ஆகுமாயின் எவ்வியல்புகள் கூடியவழி ஆகும் என்பன ஈண்டு ஆராயப்படும். இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, 1949-இல் டென்மார்க்கு நாட்டில் தோன்றி இன்றுகாறும் நிலவிவரும் செர்வாஸ் என்னும் கூட்டுறவாகும்.

1. சொல்லும் பொருளும்

விருந்து என்னுஞ் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்பினுள் ஒன்றற்கு விருந்து எனப் பெயரிட்டிருத்தலும் இப்பொருள்பற்றியே. புதுமையைக் குறித்த அச்சொல் ஆகுபெயராய்ப் புதியராய் வந்தாரை உணர்த்திற்று. திருக்குறள் இல்லறத்தான் ஓம்பற்குரியாரை எண்ணுமிடத்து விருந்தினரைச் சுற்றத்தாரின் வேறாக வைத்தெண்ணியதும் நோக்கற்பாலது. உறவினர் வந்துண்டு செல்லுதல் நன்றேயாயினும் அது சுற்றந்தழாலாம். முன் அறியப்படாதாரை ஏற்றலே விருந்தோம்பலின் உயிர்நிலை.

பிறமொழி வழக்கும் இதற்கு ஒளிதருகின்றது. இலத்தீன் மொழியில் ஹோஸ்திஸ் என்னுஞ் சொல் பண்டைக்காலத்தில் அயலான் என்னும் பொருட்டாயிருந்து, பின்னர்ப் பகைவன் என்னும் பொருட்டாயிற்று. இம்மாற்றத்தைச் சிசரோ என்னும் உரோமப் பெரும்புலவரே எடுத்தோதியுள்ளார். விருந்தளிப்போனையும் விருந்தினனையும் ஒருங்கே குறிக்கும் ஹோஸ்பெஸ் என்னுஞ் சொல்லும் அதனோடு வேரால் உறவுடையது. கிரேக்க மொழியிலோ ஜெனோஸ் என்னும் ஒரு சொல்லே அயலானுக்கும் விருந்தினனுக்கும் விருந்தளிப்போனுக்கும் பொதுவாயிற்று. இவற்றாற் போந்த பொருள் யாதெனின், வாயிலில் வந்துநிற்கும் அயலான் தன்னியல்பாற் பகைவனுமல்லன், நண்பனுமல்லன். அவனை இன்னானென ஆக்குவது வாயிலைத் திறப்பார் அடைப்பாருடைய செயலே என்பதாம்.

2. கான்ட் வகுத்த எல்லை

ஜெர்மானிய மெய்ந்நூலாசிரியராகிய இம்மானுவேல் கான்ட் என்பார், நிலைபெறும் அமைதியைப் பற்றி 1795-இல் இயற்றிய சிறுநூலில், அதற்கு இன்றியமையாத விதிகள் மூன்றனைக் கூறினார். அவற்றுள் மூன்றாவது விருந்தைப் பற்றியது. அயல்நாடு செல்வான் ஒருவன் ஆண்டுப் பகைவனாக நடத்தப்பெறாமை அவனுக்கு உரிமை. அவ்வுரிமை காணவருதற்கு உரிமையேயன்றி, ஒருவர் இல்லத்தில் விருந்தினனாய்த் தங்குதற்கு உரிமையன்று. பின்னையது தனித்த நட்புடம்பாட்டினால் வருவது என்பது அவர் கருத்து. இவ்வாறு வரையறுத்ததோடமையாது, வணிகநிலையம் நாட்டுவதாகச் சொல்லி வந்து படைபுகுத்தி நாடு கவர்ந்த ஐரோப்பியரை அவர் கடிந்துரைத்தனர். இந்தியாவில் நிகழ்ந்ததும் ஆண்டு எடுத்துக்காட்டப்பட்டது. அன்னார்க்குக் காணவருதலும் வெல்லுதலும் வேறல்லவாயின என்க.

எனவே, விருந்துக்கு இரண்டு எல்லைகள் வேண்டும். ஏற்பார் வந்தோரைப் பகையெனக் கருதலாகாது. வந்தோரும் ஏற்பாரின் இடத்தைத் தமதெனக் கொள்ளலாகாது. இவ்விரண்டனுள் ஒன்று கெடினும் விருந்து பகையாய் முடியும். நாடுகளுக்குக் கான்ட் கூறிய இவ்வெல்லைகளை இல்லங்களின் அளவில் நடைமுறைப்படுத்தியது செர்வாஸ் எனலாம்.

3. செர்வாஸ் தோன்றிய வரலாறு

டென்மார்க்கு நாட்டில் மக்கள் உயர்பள்ளி எனப்படும் ஒருவகைக் கல்விநிலையங்கள் உண்டு. தேர்வும் பட்டமும் குறியாகாது, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்துறைந்து உரையாடிக் கற்றல் அவற்றின் நெறி. அவற்றுள் முதலாவது 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் நிறுவப்பெற்றது. 1864-இல் நிகழ்ந்த போரில் அவ்வூர் எல்லைக்கப்பால் பிரஷிய ஆட்சியிற் பட்டமையின், 1865-இல் எல்லைக்கிப்பால் அஸ்கோவ் என்னும் ஊரில் அதன்வழிப் பள்ளியொன்று எழுந்தது. போரால் இடம்பெயர்ந்த அப்பள்ளியே அமைதி முயற்சியொன்றுக்குப் பிறப்பிடமாயிற்று.

இரண்டாம் உலகப்போரில், 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை, டென்மார்க்கு ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்தது. போர் முடிந்து நான்காண்டு கழிந்தபின், பாப் லூயிட்வைலர் என்னும் அமெரிக்கரும் அஸ்கோவில் அவரோடு கூடிய இளைஞரும் இம்முயற்சியைத் தொடங்கினர். லூயிட்வைலர் போர்த்தொழில் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதென மறுத்தவர். ஆயினும் போரை மறுத்தல் மட்டும் அமைதியாகாது, அமைதிக்குரிய செயலொன்று வேண்டும் என்பது இம்முயற்சியாற் புலனாகின்றது. முதற்கண் அமைதி சமைப்போர் எனப் பெயர்கொண்ட இக்கூட்டம், 1952-இல் செர்வாஸ் என்னும் பெயரை மேற்கொண்டது.

இது எஸ்பராந்தோ என்னும் ஆக்கமொழியின் சொல். அம்மொழி 1887-இல் சாமன்ஹாப் என்பவரால் உலகப் பொதுமைக்கென வெளியிடப்பெற்றது. செர்வாஸ் என்பது தொண்டுசெய்தலைக் குறிக்கும் நிகழ்கால வினைமுற்று. அம்மொழியின் வினைமுற்றுக்கள் எண்ணும் இடமும் காட்டா என்பது இலக்கணம் வல்லார் உவக்கத்தக்கதொரு செய்தி. தொண்டுசெய்கின்றேன், செய்கின்றாய், செய்கின்றனர் என்னும் அனைத்திற்கும் அவ்வொரு வடிவமே அமையும். தொண்டுசெய்வார் விருந்தேற்பாரோ விருந்தாய் வருவாரோ என அச்சொல் பிரித்துக் காட்டாமையே அவ்வமைப்பின் உட்கிடைக்கும் பொருந்துவதாயிற்று.

4. வழங்கும் முறை

வழிச்செல்ல விரும்புவார் முதலில் தம் நாட்டிலுள்ள செர்வாஸ் கிளையில் விண்ணப்பிப்பர். அனுபவமுடைய உறுப்பினர் ஒருவர் அவரை அழைத்து நேரிற் பேசி, அவர் நோக்கம் இன்னதென ஆய்ந்தறிவர். பொருத்தமுடையாரெனத் துணிந்தபின் அறிமுகக் கடிதம் வழங்கப்பெறும். செல்லும் நாட்டில் விருந்தேற்க இசைந்தோர் பட்டியலை நோக்கி, இன்னநாள் வருவேன் என அவர் முன்னறிவிப்பர். ஏற்றலும் மறுத்தலும் இல்லத்தாரின் விருப்பமே. பொதுவாகத் தங்கும் எல்லை இரண்டு இரவு. இல்லத்தார் தாமே விரும்பி வேண்டினாலன்றி மேலும் தங்குதல் வழக்கன்று. தங்க இடமளிக்க இயலாதார், பகலிற் சில நாழிகை உடனிருந்து ஊர்காட்டி உரையாடுதலும் உண்டு. சங்கத்தின் செலவுக்கு உறுப்பினரிடம் கட்டணம் பெறுதலுண்டாயினும், விருந்தினர் இல்லத்தாருக்கு விலையாக யாதுங் கொடுத்தல் இல்லை.

பரிமேலழகர் விருந்தினரை இருவகைப்படுத்தினர். முன்னரே அறிமுகமுடைமையாற் கருதி வருவார் ஒருவகையர். அஃதின்றித் தற்செயலாய் வருவார் மற்றொரு வகையர். செர்வாஸ் வழி வருவாரோ முன்னறிவு இல்லாதவர். ஆயினும் கருதி வருபவர். அறிமுகம் என்னும் அவ்விடைவெளியை நிரப்புவதே கடிதம் என்க.

இவ்வமைப்பு இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிற் பரவியுள்ளது. ஐக்கியநாடுகள் அவையின் பொருளாதார சமுதாயப் பேரவை 1973-இல் இதற்குக் கலந்தாய்வு நிலை அளித்தது.

5. அமைதிக்கு ஏதுவாமாறு

உடனுறைதல் எல்லாம் அன்பை விளைக்கும் என்பது துணிபன்று. அடிமையும் ஆண்டானும் ஒரே மனையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தமையால் அவரிடை ஒருமை விளைந்ததில்லை. கோர்டன் ஆல்போர்ட் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1954-இல் வெளியிட்ட தம் நூலில், இருவேறு குழுவினர் கூடுதலால் வெறுப்புத் தணிதற்கு உதவும் நிலைமைகளை ஆராய்ந்தார். நிலையில் ஒப்புமை, குறிக்கோளிற் பொதுமை, அதனை நாடி ஒத்துழைத்தல், சட்டமோ வழக்கமோ அக்கூட்டுறவை ஆதரித்தல் என்பன அவை. மேலெழுந்தவாரியான கூட்டம் வெறுப்பை மிகுத்தலும் கூடும் என அவர் எச்சரித்தனர். பின்னர்ப் பெட்டிகுரு, திராப் என்னும் இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவும், கூடிப்பழகுதல் வெறுப்பைப் பொதுவாகக் குறைக்கின்றது, குறைக்கும் அளவு பெரிதன்று என்பதேயாம்.

இதனைச் செர்வாஸ் முறையோடு ஒப்புநோக்குக. விலையின்மையால் விருந்தினன் ஏவல்கொள்ளும் உரிமையுடையனாகான். கொள்வோன் செருக்கு ஆண்டில்லை. விருந்தினனும் தன் நாட்டில் விருந்தேற்றவனோ ஏற்கவிருப்பவனோ ஆதல் இயல்பாகலின், இல்லத்தானுக்குக் கொடுப்போன் செருக்கும் நில்லாது. உரையாடி ஒருவரையொருவர் அறிதல் இருவர்க்கும் பொதுக்குறிக்கோள். அடுக்களையில் உடனின்று காய் அரிதலும் உண்கலம் கழுவுதலும் ஒத்துழைத்தலாம். கடிதம் ஒரு நிறுவனத்தின் ஆதரவைக் காட்டும். இரண்டு இரவு என்னும் அளவு, முகமலர்ச்சி சலிப்பாய் மாறுதற்குமுன் பிரிவைத் தருவது.

கொள்வோன் செருக்கும் கொடுப்போன் செருக்கும் ஆகிய இரண்டும் யான், எனது என்னும் முனைப்பின் இருமுகங்களே. அம்முனைப்பு எழாதவாறு விருந்து அமைக்கப்பெற்ற இடத்திலேயே அமைதி விளையும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தம் வல்லார் அறிந்ததே. வெறுப்பைச் சார்ந்து அதன் வண்ணமாய் நின்ற உள்ளம், அன்பின் சார்பு கிடைத்தவழி அதன் வண்ணமாதற்குத் தடையென்னை?

6. தடையும் விடையும்

அற்றேல், 1932-இல் டொனால்டு வாட் என்னும் அமெரிக்கர் தம் நாட்டு இளைஞரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, பின்னர் அயல்நாட்டு இல்லங்களில் தங்கிப் பழகும் முறையை வளர்த்தார். ஏழாண்டில் உலகப்போர் மூண்டதன்றோ எனின், மூண்டது உண்மை. சில இல்லங்களின் விருந்தோம்பல் படையெடுப்பைத் தடுக்கும் என்று கூறுதல் மிகையாம். போர்க்குரிய பல காரணங்களுள் திரிபுணர்ச்சி ஒன்றையே விருந்து நீக்கும். ஏனைய காரணங்களை நீக்குதற்கு வேறு கருவிகள் வேண்டும். ஆயினும் அம்முறை போரோடு மாய்ந்திலது. அதன்வழி 1934-இல் ஜெர்மனி சென்ற சார்ஜென்ட் ஷ்ரைவர் என்பாரே, 1961-இல் அமெரிக்க அமைதிப் படைக்கு முதல் தலைவராயினர். விதைத்தவன் கண்முன்னே எல்லா விதையும் முளைப்பதில்லை.

அமைதியை முன்னரே விரும்புவாரன்றோ இவ்வாறு வருவதும் ஏற்பதும். பகையுடையார் வாராராகலின் பயனென்னை எனின், இத்தடை வலியுடையதே. ஆயினும் நல்லெண்ணம் வேறு, அறிவு வேறு. நல்லெண்ணமுடையாரும் அயல்நாட்டாரைப் பற்றித் திரிபுணர்ச்சி உடையராதல் கூடும். ஓரில்லத்திற்கு வந்த விருந்தினரை அவ்வில்லத்தார் மட்டுமா காண்பர்? அண்டை வீட்டாரும் சிறுவரும் காண்பர். அந்நாட்டாரைப் பிறர் இழித்துரைக்குங்கால், யாம் கண்டவர் அத்தன்மையரல்லர் என மறுத்துரைக்கும் ஒரு குரல் அத்தெருவில் எழும். பகைப்பறை முழங்குங்கால் அவ்வொரு குரலின் பெருமை சிறிதன்று.

அறியாதாரை இல்லத்துள் விடுதல் இடரன்றோ எனின், இடருக்கு இடமுண்டு. மெய்ப்பொருள் நாயனார் அடியார் வேடத்தில் வந்த முத்தநாதனாற் குத்துண்டும், தத்தனைக்கொண்டு அவனை ஊறின்றி எல்லை கடத்துவித்தமை சைவர் யாவரும் அறிவர். அது திருவேடத்தையே மெய்ப்பொருளெனக் கண்ட பேரன்பின் செயல். மனைவி மக்களோடு வாழும் இல்லத்தார் யாவர்க்கும் விதியாக வைக்கத்தக்கதன்று. அதுபற்றியே செர்வாஸ் நேர்காணலையும் கடிதத்தையும் முன்னறிவிப்பையும் வேண்டிற்று. ஆராய்ந்து ஏற்றல் அன்பின்மையாகாது. ஆராயாது ஏற்று, இடர்வந்தபின் எல்லார்க்கும் கதவடைத்தலே அன்புக்குக் கேடாம்.

7. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், அயல்நாட்டாரை இல்லத்தில் ஏற்றல் விலையின்மை, ஒப்புமை, சான்று, அளவு என்னும் நான்கனோடும் கூடியவழி அமைதிக்கு ஏதுவாமென்பதும், அவை கூடாதவழி வெறும் தங்கலாய்க் கழியுமென்பதும் பெறப்பட்டன. மேலும், இவ்வறத்துக்கு வேண்டுவன பெருஞ்செல்வமோ அரசாணையோ அல்ல. ஒரு பாய், ஒருவேளை உணவு, இரண்டு மாலைப்பொழுது, கேட்கும் செவி ஆகிய இவையே போதியன. போர்க்குப் பெரும்படை திரட்டவேண்டும்; அதற்கு மாறாயதொன்றை ஓரில்லத்தார் தாமே தொடங்கலாம் என்பது சிந்திக்கத்தக்கது.

புதியர் என்னும் பொருளிலேயே விருந்தினர்க்குப் பெயரமைத்த மொழியினர் நாம். அயலார் என்னும் சொல் அச்சத்தைக் குறிக்கத் தொடங்குங் காலங்களில், விருந்து என்னும் சொல்லின் பழம்பொருளை நினைவிற்கொண்டு வாயிலைத் திறத்தல் நமக்குக் கடனாம்.