பந்து உருள வழி விடு

அன்புத் தங்கைக்கு,

பெங்களூருக்கு வெளியே லிங்க்ஸ் பாணியில் ஒரு கோல்ஃப் மைதானம் வரைகிறாய் என்றதும் மகிழ்ந்தேன். நீ அனுப்பிய வரைபடத்தில் மண்மேடுகள் இருக்கின்றன, இடுப்பளவு புல் இருக்கிறது, ஆளை மறைக்கும் பங்கர்கள் இருக்கின்றன. பந்து உருண்டு கிரீனுக்குள் நுழைய ஒரு வழிகூட இல்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

லிங்க்ஸுக்கு முன்மாதிரியான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம், கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே உழவுக்கு உதவாமல் கிடந்த மணல்வெளி. எவ்வளவு மழை பெய்தாலும் மணல் குடித்துவிடும். தரை இறுக்கமாகவே இருக்கும். ஓயாத காற்றில் பந்தை உயரத் தூக்கினால் அது எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே காற்றுக்கு அடியில் தாழ அடித்து, மீதித் தூரத்தைத் தரையிடம் விட்டுவிடுவார்கள். பந்து விழுந்த பிறகுதான் அங்கே பாதி ஆட்டம் தொடங்குகிறது. மேடும் உயரப் புல்லும் அந்த நிலத்தின் தோற்றம்; இறுகிய தரைதான் அதன் குணம்.

நம் ஊர்ச் செம்மண்ணில் களி கலந்திருக்கிறது. நனைந்தால் பந்து விழுந்த இடத்திலேயே அமுங்கி நிற்கும். பெங்களூரிலுள்ள கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தையே எடுத்துக்கொள். அதை வடிவமைத்தது பீட்டர் தாம்சனின் நிறுவனம். 1954 முதல் 1965 வரை ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர் அவர். ஐந்து வெற்றிகளும் லிங்க்ஸ் மைதானங்களில். இந்திய ஓப்பனையும் மூன்று முறை வென்று நம் தரையை நன்கு அறிந்தவர். ஆனாலும் கையில் கிடைத்தது சல்லகட்டா ஏரி நிலம். லிங்க்ஸ் ஆட்டத்தில் எவ்வளவு தேர்ந்தவரானாலும் ஏரிமண்ணைக் கடற்கரை மணலாக்கிவிட முடியாது.

அதனால் உன் செலவை மேடுகளில் கொட்டாதே, வடிகாலில் போடு. ஃபேர்வே முழுவதும் தண்ணீர் தேங்காத மென்சரிவு வேண்டும். அடியில் குழாய், மேலே மணல் அடுக்கு. எம்-சாண்ட் வாங்கினால் தூள் போகக் கழுவி, துகள் அளவைச் சோதித்த பிறகே இறக்கச் சொல். ஸ்காட்லாந்தின் ஃபெஸ்க்யூ புல் நம் கோடையைத் தாங்காது, பெர்முடா போதும். அது நம் அருகம்புல்தான். ஒட்ட வெட்டி, அளந்து நீர் விட்டால் தரை இறுகும். மார்ச் மாதத்தில் அது பழுப்பேறும்போது முதலாளிகள் பதறுவார்கள். பச்சையாக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். அங்கே நீ விட்டுக்கொடுத்தால் மைதானத்தில் லிங்க்ஸ் என்ற பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும். தண்ணீருக்காக மக்கள் லாரியை எதிர்பார்த்து நிற்கும் நகரத்தில் பழுப்புப் புல்லுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

காற்றைப் பொறுத்தவரை நீ கொடுத்துவைத்தவள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும். நவம்பருக்குப் பின் கிழக்கிலிருந்து. ஒரே குழி ஆறு மாத இடைவெளியில் வேறு குழியாகிவிடும். எதிர்காற்றில் எட்டாத பங்கர், பின்காற்றில் ஆட்டக்காரரை மிரட்ட வேண்டும். ஒவ்வொரு குழியையும் இரண்டு காற்றுக்கும் தனித்தனியாக வரைந்து பார்.

செங்குத்தான புல்சுவர் பங்கர்களை மட்டும் தயவுசெய்து அழித்துவிடு. நம் செப்டம்பர் மாலை மழை ஒன்று போதும், சுவர் சரிந்து மணலோடு செம்மண் கலந்துவிடும். மணலில்லாத புல்பள்ளங்களே தாழ்ந்த பந்தைப் போதுமான அளவு சோதிக்கும்.

கிரீன்களின் முன்வாயைத் திறந்து வை. வலிமையாக அடிக்க முடியாத முதியவரும் சிறுமியும் பந்தை உருட்டிச் சேர்க்கட்டும். இந்த ஊரில் வளர்ந்த அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காமிடம் பிடித்தது தூர அடியால் அல்ல, கிரீனைச் சுற்றிக் காட்டிய நுட்பத்தால். அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஆட இடம் தராத மைதானத்தை நான் நல்ல மைதானம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வரைபடத்துக்கு முன், கோல்ஃப் பை சுமந்து பழகிய வயதான கேடிகள் இரண்டு மூன்று பேரை அழைத்துக்கொண்டு நிலத்தை நடந்து பார். ஒருமுறை மழை விட்ட மறுநாள் காலையில் போ. தண்ணீர் எங்கே நிற்கிறது, பந்து எந்தப் பக்கம் ஓடும் என்று அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள். அந்தக் குறிப்புகளையும் வரைபடத்தோடு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்