ஒத்து ஊதுபவர்

இசைக்கருவிகள் பல ஒருங்கு சேர்ந்து ஒலிக்கும் குழுவைப் பழந்தமிழர் ‘பல்லியம்’ என்று வழங்கினர். நெடும்பல்லியத்தனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலும் இச்சொல் அமைந்திருக்கக் காணலாம். மேலைநாட்டார் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்பதும் பல்லியமே. நாதசுரம், தவில், தாளம், ஒத்து ஆகியவை கூடிய நம் பெரிய மேளமும் பல்லியமே. அதனை முதன்முறையாகக் கேட்கும் சிறுவன் ஒருவன் என்ன எண்ணுவான் என்பதைக் கற்பனையில் கண்டு வருவோம்.

இராசபாளையத்திலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவில்லிபுத்தூர். பதினொரு நிலைக் கோபுரம் ஓங்கி நிற்கும் அவ்வூரில் ஆண்டுதோறும் ஆடிப்பூரத் திருவிழா நடைபெறுகிறது. அதனைக் காண இராசபாளையத்துச் சிறுவன் ஒருவன் தன் தாத்தாவுடன் வந்தான் எனக் கொள்வோம். மாலையில் நாதசுரக் கச்சேரி. இருவரும் பந்தலில் முன்வரிசையில் அமர்ந்தனர். சிறுவனுக்கோ வாய் ஓயவில்லை.

“தாத்தா, நாதசுரக்காரர் எதையோ மெல்லுகிறாரே! பசியோடு வந்துவிட்டாரா?”

“அது தின்பண்டம் அன்று, கண்ணா, சீவாளி. நாணலால் செய்தது. ஈரமானால்தான் நன்றாக ஒலிக்கும்.”

“வாத்தியத்தில் சாவிக்கொத்துத் தொங்குகிறதே!”

“அவை மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும்.”

“தவில்காரர் விரல்களில் கட்டுப் போட்டிருக்கிறாரே! பாவம், காயமா?”

தாத்தா சிரித்தார். “அவை கூடுகள். துணியைப் பசையிட்டுச் சுற்றி உலர்த்திச் செய்வார்கள். தவிலின் ஒருபுறத்தைக் கோலாலும், மறுபுறத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் அடிப்பார்கள்.”

நாதசுரக்காரர் ஆலாபனை தொடங்கினார். சிறுவனின் பார்வை அவருக்குப் பின்னால் இருந்தவர்மேல் சென்றது. “தாத்தா, இவர் ஒரே ஒலியையே ஊதிக்கொண்டிருக்கிறாரே! வேறொன்றும் தெரியாதா? வெறும் ஒத்து ஊதுகிறார்!” என்று உரக்கக் கூறிச் சிரித்தான். அச்சொல் மேடைக்கும் எட்டியது. ஒத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்; ஆயினும் ஊதுவதை நிறுத்தவில்லை. தாத்தாவின் முகம் வாடிற்று.

“அவர் எப்போது மூச்சு விடுகிறார் என்று பார்த்துச் சொல்,” என்றார் அவர் மெல்லிய குரலில்.

சிறுவன் உற்றுப் பார்த்தான். ஒலி அறவே இல்லை.

“இடையில் எங்கும் ஒலி அறுபடவில்லையே, தாத்தா!”

“கன்னத்தில் தேக்கிய காற்றை ஊதும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். நீயும் செய்து பார்.”

சிறுவன் கன்னங்களை உப்பிப் பார்த்தான். நொடியில் காற்று வெளியேறிவிட்டது. அவன் தலை தாழ்ந்தது.

“இனி அந்த ஓர் ஒலியை மட்டும் கேள்,” என்றார் தாத்தா.

நாதசுரம் உச்சிக்கு ஏறியது, இறங்கியது, சற்று ஓய்ந்தது. ஒத்து மட்டும் ஓயவில்லை. மீண்டும் நாதசுரம் எழுந்தபோது, அவ்வொலியைப் பற்றிக்கொண்டே எழுந்தது.

“எங்கே சுற்றினாலும் வீட்டுக்குத் திரும்புவது போல இருக்கிறது, தாத்தா!” என்றான் சிறுவன்.

கச்சேரி முடிந்ததும் அவன் ஒத்துக்காரரிடம் சென்று கைகூப்பி நின்றான். அவர் தண்ணீர் அருந்திவிட்டு, “எந்த ஊர், தம்பி?” என்று புன்னகையுடன் கேட்டார்.

மாணவர்களே! ஒத்து, தோற்றத்தில் நாதசுரத்தைப் போன்றதே. ஆனால் அதில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. சுருதியை விடாது காப்பதே அதன் பணி. மேலைநாட்டுப் பல்லியத்திலும் கச்சேரிக்குமுன் ‘ஓபோ’ என்னும் கருவி ஒரு சுரத்தை ஒலிக்கும். மற்றையோர் அதற்கு இசையத் தம் கருவிகளைச் சரிசெய்துகொள்வர். ஓபோவும் நாதசுரத்தைப் போல இரட்டை நாக்கு உடைய கருவியே. இந்நாளில் பல மேளங்களில் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பெற்றுவிட்டது. ஊதும் ஆள் மறைந்தாலும், சுருதியின் தேவை மறையவில்லை.

பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவோரை ‘ஒத்து ஊதுகிறவர்’ என்று உலக வழக்கில் இகழ்கின்றனர். உண்மையான ஒத்துக்காரரோ எவர்க்கும் தலையாட்டுபவர் அல்லர். நாதசுரம் எங்கெங்குச் சென்றாலும் தாம் நிலைபெயராது நிற்பவர். நாதசுரக்காரரே அவருக்கு இசைந்து வாசிக்க வேண்டும். கச்சேரியின் முடிவில் எழும் கைதட்டலில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.