கிள்ளான் கரிமண் தீ: கணினிக் கணிப்பை வாசிக்க முழுமையான வழிகாட்டி

புகைமூட்டம் வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை எல்லாரும் சுமத்ராவைத்தான் கைகாட்டுகிறோம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்தில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, புகை அங்கிருந்துதான் வந்தது. ஆனால் நம் கிள்ளான் ஜோகான் செத்தியாவிலும் விவசாய நிலத்துக் கரிமண் (பீட் மண்) திரும்பத் திரும்ப எரிகிறது. அந்த அபாயத்தை முன்கூட்டியே கணிக்க முடியும். கனடாவில் உருவான முறையை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாற்றி, மலேசிய வானிலை ஆய்வுத் துறை தீ அபாய வரைபடம் வெளியிடுகிறது.

1. கணினிக்குள் போவது என்ன?

நண்பகல் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், 24 மணி நேர மழை. இவ்வளவுதான். இவற்றிலிருந்து தரையின் ஈரம் மூன்று அடுக்குகளாகக் கணக்கிடப்படுகிறது.

2. வறட்சிக் குறியீட்டை நீங்களே போட்டுப் பாருங்கள்

கரிமண்ணுக்கு முக்கியம் ஆழத்து அடுக்கு; அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவதே வறட்சிக் குறியீடு. நண்பகல் வெப்பநிலையுடன் 2.8 கூட்டி, 0.36ஆல் பெருக்கி, 1.4 சேர்த்துப் பாதியாக்குங்கள். 32 பாகைக்கு ஏறக்குறைய 7 வரும். மழையில்லாத ஒவ்வொரு நாளும் குறியீடு அவ்வளவு ஏறும். 2.8 மி.மீ. வரையிலான தூறலை இந்தக் கணக்கு மழையாகவே எடுத்துக்கொள்ளாது.

மலேசியாவுக்கு வகுத்த அளவில் 140க்குக் கீழே அபாயம் குறைவு; 260ஐத் தாண்டினால் அதிகம்; 350ஐத் தாண்டினால் உச்சம். 140இல் தொடங்கி ஒரு மாதம் மழை பொய்த்தால் 350ஐத் தொட்டுவிடுவோம். அப்போது 20 மி.மீ. மழை கொட்டினாலும் குறியீடு 280 வாக்கில்தான் நிற்கும். மேலே புல் நனைந்திருக்கும், அடியில் மண் எரியத் தயாராக இருக்கும். ஒரு நல்ல மழையோடு கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும்.

3. வாய்க்காலையும் பாருங்கள்

வெட்டிய வாய்க்கால் வழியே நிலத்தடி நீர் வடிவதை இந்தக் கணக்கு அறியாது. என்னைக் கேட்டால் இதுதான் இதன் பெரிய குறை. நீர் வடிந்தால் கரிமண் காய்ந்து எரியும் என்பதால்தான் கோல சிலாங்கூர் ராஜா மூசா காட்டில் வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். வாய்க்கால் வற்றியிருந்தால், வரைபடம் காட்டுவதைவிட அபாயம் அதிகம் என்றே கொள்ளுங்கள்.

4. செயற்கைக்கோளோடு ஒப்பிடுங்கள்

நாசாவின் இணைய வரைபடம் வெப்பப் புள்ளிகளை 375 மீட்டர் நுணுக்கத்தில் காட்டும். மேகம் மறைத்தாலோ தீ மண்ணுக்கடியில் கனன்றாலோ புள்ளி விழாமல் போகலாம். புள்ளி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தரையில் புகை கண்டால் உடனே 999ஐ அழைத்துப் பொம்பாவுக்குச் சொல்லுங்கள்.